கோல்டன் பாயை விலைபேசினால் என்ன கிடைக்கும்?

2006 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெட்டி கைமாறியது. உள்ளே 2,50,000 டாலர், முழுக்க ரொக்கம். கொடுத்தவர் அமெரிக்க பாக்ஸர் ஆஸ்கார் டி லா ஹோயா, வாங்கியவர் பிலிப்பைன்ஸ் பாக்ஸர் மேனி பக்கியாவ். பாக்ஸிங் நிகழ்ச்சிகளை நடத்தும் தன்னுடைய கோல்டன் பாய் புரமோஷன்ஸ் கம்பெனிக்கு பக்கியாவை இழுத்துவர ஆஸ்கார் கொடுத்த முன்பணம் அது. பக்கியாவும் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து, போட்டிக் கம்பெனியான டாப் ராங்குக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வழக்கு போட்டு, அடித்துக்கொண்டு, 2007ல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பக்கியாவ் டாப் ராங்கிலேயே இருப்பார், அவர் சண்டைகளின் வருமானத்தில் கோல்டன் பாய்க்கு ஒரு பங்கு போகும். ஆளுக்காகக் கொடுத்த பணத்துக்கு ஆள் வரவில்லை, கமிஷன் வந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் அதே பக்கியாவ், எட்டு ரவுண்டு விடாமல் அடித்து ஆஸ்காரை ஸ்டூலிலேயே உட்கார வைத்தார். ஒன்பதாவது ரவுண்டுக்கு ஆஸ்கார் எழவில்லை. 2009 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். கம்பெனி மட்டும் மிச்சம்.

அந்தக் கம்பெனியை அவர் விற்றுவிடலாமே என்ற பேச்சு, ஒரு பெரிய பாக்ஸர் அங்கிருந்து வெளியேறும்போதெல்லாம் ரசிகர்களிடையே கிளம்பும். காசு வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கோல்ஃப் ஆடலாமே என்பார்கள். சரி, விற்கலாம். ஆனால் கடைக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? அரிசி மண்டியை விற்றால் மூட்டைகள் அங்கேயே கிடக்கும். இந்தத் தொழிலில் சரக்குக்குக் கால் உண்டு, வக்கீலும் உண்டு.

ஆஸ்காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973ல் பிறந்து கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த மெக்சிக வம்சாவளிப் பையன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அதிலிருந்துதான் ‘கோல்டன் பாய்’ என்ற பட்டப்பெயர். ஆறு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம், 39 வெற்றி, 6 தோல்வி. ஹெவிவெயிட் ஆளாக இல்லாமலே பே-பெர்-வியூ, அதாவது ஒரு சண்டையைப் பார்க்க வீட்டுக்கு வீடு தனியாகக் காசு கட்டும் முறை, அதில் மட்டும் கிட்டத்தட்ட 70 கோடி டாலர் வசூல் கொண்டுவந்தவர். அந்தப் பணம் வந்துகொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவருடைய புரமோட்டர் டாப் ராங்கின் பாப் ஆரம். அடி வாங்குவது நான், கல்லாவில் உட்காருவது இன்னொருவரா என்ற கேள்வி எல்லா பாக்ஸருக்கும் வரும். ஆஸ்கார் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. ரிச்சர்ட் ஷேஃபர் என்ற சுவிஸ் பேங்க் ஆசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2002ல் சொந்தக் கடை திறந்தார்.

புரமோட்டர் வேறு, மேனேஜர் வேறு. மேனேஜர் பாக்ஸரின் ஆள், அவருக்காகப் பேரம் பேசுபவர். புரமோட்டர் நிகழ்ச்சியை நடத்தும் முதலாளி, நம் சினிமாவில் தயாரிப்பாளர் மாதிரி. இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தால் பாக்ஸர் கதி என்னாகும் என்று பலர் வாழ்க்கை காட்டிவிட்டதால், அமெரிக்காவில் 2000ல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஆனால் ஒரு பாக்ஸர் தனக்குத் தானே புரமோட்டராக இருக்க அந்தச் சட்டம் தடை சொல்லவில்லை. கோல்டன் பாயின் பொற்காலம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

2007 மே 5, லாஸ் வேகாஸ். ஆஸ்காருக்கும் ஃப்ளாய்ட் மேவெதருக்கும் சண்டை. சுமார் 24 லட்சம் பேர் வீட்டில் காசு கட்டிப் பார்த்தார்கள், அன்றைக்கு அது சாதனை. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் மேவெதருக்குக் கொடுத்ததால் ஆஸ்கார் தோற்றார். ஆனால் நிகழ்ச்சியை நடத்தியது அவர் கம்பெனி. சண்டை போட்ட கூலியும் அவருக்கு, நடத்திய லாபமும் அவருக்கு. கம்பெனியின் மிகப் பெரிய சரக்கு முதலாளியே. அவர் கம்பெனியை விட்டு ஓடமாட்டார், அதிகச் சம்பளம் கேட்டு வழக்குப் போடமாட்டார். இப்படி ஒரு வசதி வேறெந்தப் புரமோட்டருக்கும் கிடைக்காது. 2009ல் ஆஸ்கார் கையுறையைக் கழற்றியபோது கம்பெனி இழந்தது ஒரு வீரரை மட்டும் அல்ல, விட்டுப்போகாத ஒரே வீரரை.

மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்பது உண்மை. 2004 செப்டம்பரில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் ஆஸ்காரை விலாவுக்குக் கீழே ஒரே குத்தில் விழவைத்தார். அவரையே அப்புறம் கம்பெனியில் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார் ஆஸ்கார். ஷேன் மோஸ்லி, மார்க்கோ அன்டோனியோ பரேரா என்று தன்னோடும் தன் காலத்திலும் மோதிய பெரிய பெயர்களுக்கும் பங்கு கொடுத்தார். பாக்ஸர்கள் நடத்தும் பாக்ஸர்களின் கம்பெனி என்பது கேட்க நன்றாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த யோசனை பிடிக்கும். ஆனால் அதுவும் வயதாகிற சரக்குதான்.

இந்தத் தொழிலில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பது வேகாஸ் பெரிய இரவுகளில் தெரியாது. கலிஃபோர்னியாவில் இண்டியோ என்ற பாலைவன ஊரில் ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கேசினோ இருக்கிறது. கோல்டன் பாய் பல வருடங்களாகச் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளை நடத்திய இடம். முதல் சண்டை தொடங்கும்போது பாதி நாற்காலி காலியாக இருக்கும். நான்கு ரவுண்டு ஆடும் இரண்டு பையன்கள், இருவருக்கும் விமான டிக்கெட், ஹோட்டல் அறை, ரத்தப் பரிசோதனை, கூலி, எல்லாம் புரமோட்டர் கணக்கு. மாநில ஆணையத்தின் ஆட்கள், டாக்டர், வாசலில் ஆம்புலன்ஸ். அடிபட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டால் இன்னொன்று வந்து நிற்கும்வரை அடுத்த சண்டை கிடையாது. முந்தின நாள் எடை பார்க்கும்போது எதிராளி எடை கூடியிருந்தால், ஜோடி சேர்த்துவிடும் மேட்ச்மேக்கருக்கு அன்றிரவு தூக்கம் போச்சு. டிக்கெட் காசில் இதெல்லாம் கட்டுப்படியாகாது. கேசினோ இடத்துக்காகத் தரும் தொகையும் டிவிக்காரர் தரும் தொகையும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். நட்டம் வந்தாலும் இதை நடத்தத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த நான்கு ரவுண்டுப் பையன்களில் ஒருவன் ஐந்து வருடம் கழித்துப் பே-பெர்-வியூவுக்குப் போவான் என்பதுதான் நம்பிக்கை. விதைநெல் மாதிரி. ஒரே வித்தியாசம், விளைந்த கதிர் பக்கத்து வயலுக்கு நடந்து போய்விடும்.

அப்படி நடந்து போனதில் இரண்டு கதைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலை பேச வருபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் 2013தான் கோல்டன் பாயின் உச்சம். மார்ச்சில் எச்.பி.ஓ. சேனல் இனி உங்களிடம் சண்டைகள் வாங்கமாட்டோம் என்று சொல்லியும், ஷோடைம் பக்கம் போய் வருடம் முழுக்க நிகழ்ச்சி நடத்தினார்கள். செப்டம்பரில் மேவெதருக்கும் கனேலோ அல்வாரஸுக்கும் நடந்த சண்டை சுமார் 15 கோடி டாலர் வசூலித்தது. டேனி கார்சியா, கீத் தர்மன், டியோன்டே வைல்டர், அமீர் கான், ஏட்ரியன் ப்ரோனர் என்று பெயர்ப்பலகை நிறையப் பெயர்கள். விற்பதானால் அன்றைக்கு விற்றிருக்க வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

2014 ஜூனில் ஷேஃபர் ராஜினாமா செய்தார். பழைய முதலாளி பாப் ஆரமுடன் ஆஸ்கார் சமாதானமாகப் போக விரும்பினார், ஷேஃபர் விரும்பவில்லை. வெளியே தெரிந்த சண்டை அது. உள்ளே பெட்டியைத் திறந்து பார்த்தால், அல் ஹேமன் என்பவர் பார்த்துக்கொண்ட பாக்ஸர்களில் பலருக்கும் கோல்டன் பாயோடு நீண்டகால ஒப்பந்தமே கிடையாது. ஒவ்வொரு சண்டைக்கும் அந்தந்தச் சண்டைக்கான தாள்தான். இரண்டு தரப்பும் 2015 தொடக்கத்தில் ஒரு சமரசத்துக்கு வந்து பிரிந்தன. அந்த மார்ச்சிலேயே ஹேமன் என்.பி.சி. டிவியில் தன் சொந்தத் தொடரைத் தொடங்கிவிட்டார், பெயர்ப்பலகையில் இருந்த பாதிப் பேர் அங்கே ஆடினார்கள். ஆஸ்கார் 30 கோடி டாலர் கேட்டு ஹேமன் மேல் ஏகபோக வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் விசாரணைக்கே போகாமல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார்.

ஆக, 2013ல் யாராவது கம்பெனியை வாங்க வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வாங்குபவரின் வக்கீல் ஒப்பந்தங்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்திருப்பார். அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். உச்ச விலை என்று நாம் நினைக்கும் அந்த விலை, தாளில் இல்லாத ஒன்றுக்கான விலை.

இரண்டாவது கதை கனேலோ. 2010ல் இருபது வயதுகூட ஆகாத சிவப்புத் தலைமுடிப் பையனாக வந்து சேர்ந்தவர். 2018ல் எச்.பி.ஓ. பாக்ஸிங்கையே மூட்டை கட்டியபோது, டா சோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனம் கனேலோவின் 11 சண்டைகளுக்கு 36.5 கோடி டாலர் என்று அறிவித்தது. உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் டா சோனுக்கும் கோல்டன் பாய்க்கும் ஒரு ஒப்பந்தம், கோல்டன் பாய்க்கும் கனேலோவுக்கும் வேறொரு ஒப்பந்தம். மழை பெய்யும்வரை யாரும் ஓட்டையைப் பார்ப்பதில்லை. கொரோனா வந்ததும் டா சோன் சொன்ன தொகையைத் தரத் தயங்கியது. 2020 செப்டம்பரில் கனேலோ இரண்டு கம்பெனிகள் மீதும் ஆஸ்கார் மீதும் 28 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நவம்பரில் விடுதலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து வருட வளர்ப்பு, இரண்டு மாதத்தில் கைவிட்டுப் போனது.

இதை அப்படியே, கூண்டுக்குள் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி. கம்பெனியோடு வைத்துப் பாருங்கள். 2001ல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2016ல் சுமார் 400 கோடி டாலருக்கு விற்றார்கள். அதே கூண்டு, அதே அடிதடி, அப்புறம் ஏன் இந்த விலை? யு.எஃப்.சி.யில் சாம்பியன் பெல்ட்டே கம்பெனியுடையது. தரவரிசை, போட்டி அட்டவணை, வீரர்களின் நீண்ட ஒப்பந்தம், எல்லாமே ஒரு கூரைக்குள். ஒரு நட்சத்திரம் போனால் பெல்ட்டை அடுத்தவர் இடுப்பில் கட்டுவார்கள், ரசிகன் அதே சேனலில் உட்கார்ந்திருப்பான். பாக்ஸிங்கில் பெல்ட் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற நான்கு வெளி அமைப்புகளிடம் இருக்கிறது. கனேலோ போனால் அவர் பெல்ட்டும் அவரோடு போகும். புரமோட்டரிடம் மிச்சம் இருப்பது மேட்ச்மேக்கரின் ஃபோன் நம்பர்கள்.

யு.எஃப்.சி. வீரர்கள் தங்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் கம்பெனி அமுக்கிவிட்டது என்று வழக்குப் போட்டு, 37.5 கோடி டாலரில் அது தீர்ந்தது. கம்பெனிக்கு அதிக விலை கிடைக்கும் அமைப்பில் வீரனின் கை கட்டப்பட்டிருக்கும், வீரன் சுதந்திரமாக நடமாடும் அமைப்பில் கம்பெனியை விற்று யாரும் கோடீஸ்வரன் ஆக முடியாது. ஆரமிடமிருந்து கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்த ஆஸ்காருக்கு இது தெரியாத விஷயம் அல்ல. தான் நுழைந்த அதே கதவு வழியாகத்தான் கனேலோ வெளியே போனார்.

சரி, கழற்றி எடுத்து விற்கக்கூடிய சரக்கு ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று இருந்தது. ‘தி ரிங்’ பத்திரிகை. 1922ல் நாட் ஃப்ளைஷர் தொடங்கியது, பாக்ஸிங்கின் பைபிள் என்று பெயர் எடுத்தது. அதற்கென்று தனிப் பெல்ட்டே உண்டு. கோல்டன் பாய் அதை 2007ல் வாங்கியது. புரமோட்டரே தரவரிசை போடும் பத்திரிகையை வைத்திருக்கலாமா என்று அன்றைக்கே முகம் சுளித்தார்கள், நியாயம்தான். 2024 நவம்பரில் சவூதி அரசின் கேளிக்கை ஆணையத் தலைவர் துர்கி அல்ஷேக் அதை வாங்கினார். 1 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. ஓடிப்போகாத, வழக்குப் போடாத, வயதாக வயதாக மதிப்புக் கூடுகிற ஒரே பொருள் அது. அதை விற்றாயிற்று. வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார், கம்பெனியைக் கேட்கவில்லை. இந்த ஒரு விற்பனையில் பாதி பதில் இருக்கிறது.

மீதிப் பாதி ஆஸ்கார் என்ற மனிதர். டிவிக்காரர்கள் கதவைத் திறப்பது அவர் முகத்துக்கு, ஒரு மெக்சிக-அமெரிக்கக் குடும்பம் தன் பையனை ஒப்படைப்பதும் அவர் பெயருக்கு. அதே மனிதர்தான் கம்பெனியின் ரிஸ்க்கும். மேவெதர்-கனேலோ சண்டைக்குச் சில நாள் முன்பு, கம்பெனியின் மிகப் பெரிய வாரத்தில், போதை மறுவாழ்வு மையத்தில் சேர வேண்டி வந்தது. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021ல் நாற்பத்தெட்டு வயதில் மறுபடி கையுறை மாட்ட அறிவிப்புச் செய்து, கோவிட் வந்து படுத்தார், அவருக்குப் பதில் ஐம்பத்தெட்டு வயது ஹோலிஃபீல்டை ஏற்றினார்கள். 2024 மே மாதம் கனேலோ, கோல்டன் பாயின் ஹைமே முங்கியாவோடு மோதுவதற்கு முன் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், முங்கியாவை முன்னிறுத்த வேண்டிய ஆஸ்கார் கனேலோவின் பழைய ஊக்கமருந்து விவகாரத்தை எடுத்தார். கனேலோ மேடையிலேயே கத்த, இவரும் கத்த, சண்டை போட வந்த முங்கியா ஓரமாகிப் போனார். சொந்தச் சரக்கை விற்க வந்த இடத்தில் பழைய கணக்கைத் தீர்க்கும் முதலாளி. கம்பெனியின் இன்னொரு பாக்ஸர் ரயன் கார்சியாவோடும் அப்படித்தான், 2023ல் ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, மறு ஏப்ரலில் அதே கார்சியாவை வைத்து டெவின் ஹேனியோடு பெரிய சண்டை.

ஓய்வுபெற்ற பாக்ஸர்கள் இந்தத் தொழிலில் எப்படி முடித்தார்கள்? சுகர் ரே லெனர்ட் 2001ல் தொடங்கிய கம்பெனி பங்காளிச் சண்டையில் மூன்றே வருடத்தில் மூடியது. கிளிட்ச்கோ சகோதரர்களின் கே2 தேறியது, ஆனால் அவர்கள் தினசரி வேலையைத் தெரிந்த ஆட்களிடம் விட்டுவிட்டார்கள். கஜகஸ்தான் பாக்ஸர் கொலோவ்கினை அமெரிக்காவில் பிரபலமாக்கியது டாம் லோஃப்லர் என்ற கே2 நிர்வாகி. பாக்ஸராக இல்லாத ஜெர்மன் சாவர்லாண்ட் குடும்பம் 2021ல் வாசர்மன் நிறுவனத்திடம் கடையைக் கொடுத்தது. ஆனால் மகன்கள் இருவரும் புதுப் பலகையின் கீழ் அதே வேலையைப் பார்த்தார்கள். வாங்கியவர் வாங்கியது அவர்களைத்தான்.

ஆஸ்காருக்கும் அந்த மாதிரி விற்பனைதான் வாய்க்கும் என்பது என் கணிப்பு. முழுதாகக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற விற்பனைக்கு நல்ல விலை வராது. பெரிய பணம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு இரண்டு பக்கம் இருக்கிறார்கள். ஒன்று சவூதி, இன்னொன்று அவர்களோடு கைகோத்து 2025ல் பாக்ஸிங்குக்குள் வந்த யு.எஃப்.சி.யின் தாய்க் கம்பெனி. 2025 செப்டம்பரில் கனேலோ-கிராஃபோர்ட் சண்டையை அவர்கள் நெட்ஃப்ளிக்ஸில் நடத்திக் காட்டினார்கள். அதற்கு எந்தப் பழைய புரமோஷன் கம்பெனியையும் வாங்கத் தேவை இருக்கவில்லை. வேண்டிய பாக்ஸரை ஒரு ராத்திரிக்கு அமர்த்த முடிகிறபோது ஊழியர், வழக்கு, இண்டியோ நட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஏன் தலையில் கட்டிக்கொள்வார்கள்?

அதனால் நான் ஆஸ்காரின் கணக்குப்பிள்ளையாக இருந்தால் சொல்வது இது. கம்பெனியில் கணிசமான பங்கை ஒளிபரப்பு பலம் உள்ள ஒருவருக்கு விற்கட்டும். அரங்குகளும் நிகழ்ச்சிகளும் நடத்தும் ஏஈஜி நிறுவனம் ஏற்கெனவே ஒரு காலத்தில் சிறு பங்கு வைத்திருந்ததுதான், புதுசு ஒன்றுமில்லை. கூடவே நாற்காலியையும் விட்டுக் கொடுக்கட்டும். சின்ன வயது சிநேகிதர் எரிக் கோமஸ் மேட்ச்மேக்கராக வந்து தலைவர் பதவிவரை உயர்ந்தவர், பையன்களின் எடையும் குணமும் தெரிந்தவர். அந்த மாதிரி ஆள் அலுவலகத்தை நடத்த, ஆஸ்கார் இண்டியோவில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான்கு ரவுண்டுப் பையனின் அப்பாவோடு கை குலுக்கி, போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கு அது இயல்பாக வரும். இதில் கிடைப்பது 2013 கனவு விலையில் ஒரு துளிகூட இருக்காது. இருந்தாலும் டிவி ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் பாக்ஸர்களும் வக்கீல்களும் வாசலில் வந்து நிற்பதைவிட அது மேல்.

பேரம் எங்கே முறியும் என்றும் யூகிக்க முடிகிறது. வாங்குபவர் எவராக இருந்தாலும் ‘கோல்டன் பாய்’ என்ற பெயரைத்தான் முதலில் எழுதி வாங்குவார், ஏனென்றால் காலில்லாத சரக்கு இப்போது அது ஒன்றுதான். அந்தப் பெயர் பார்சிலோனாவில் வந்தது. 1990ல் புற்றுநோயில் இறந்த அம்மா செசிலியாவுக்கு, ஒலிம்பிக் தங்கம் கொண்டுவருவேன் என்று பதினேழு வயதில் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரை இன்னொருவர் பலகையில் மாட்ட ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பெட்டி நிறையப் பணம் கண் முன்னால் இருந்தாலும் அவர் போடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.